பஸ்ஸில் பொங்கிய மாவு

2006-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில்தான் அது நடந்தது. நடந்தது என்னவோ சிரிப்பான விஷயம். ஆனால் அந்தப் பஸ்ஸில் நான் எப்படி அழாமல் சிரித்தேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால், அதற்குச் சில மாதங்களுக்கு முந்தைய ஒரு மாலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்போது என் மகளுக்கு நான்கு வயது. கணவர் தினமும் மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய் வருபவர். நான் கணிதத்தில் பட்டம் வாங்கி, ஒரு பள்ளியில் கொஞ்ச காலம் பாடம் நடத்தி, குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள். கேஸை அணைத்தோமா என்று போய்ப் பார்ப்பேன். பிறகு, சரியாகப் பார்த்தோமா என்று மறுபடியும் போவேன். சமையலறை டப்பாக்கள் அத்தனையிலும் பெயர் எழுதி ஒட்டியிருப்பேன். உப்பு டப்பாவிலும் சர்க்கரை டப்பாவிலும் மட்டும் இரண்டு பக்கமும் ஒட்டியிருப்பேன். ஏன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

ஏதாவது சின்னத் தவறு செய்துவிட்டால் என் வலது கை தானாகவே தலைக்குப் போகும். உள்ளங்கையால் நெற்றியில் ஓர் அடி. கூடவே, "அறிவிருக்கா எனக்கு?" என்று ஒரு கேள்வி. இப்படி ஒரு பழக்கம் எனக்கு இருப்பதே எனக்குத் தெரியாது. அதை நான் முதன்முதலில் பார்த்தது என் மகளிடம்தான்.

அன்று மாலை அவள் தரையில் உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். பிரஷ் கழுவும் டம்ளர் கை பட்டுக் கவிழ்ந்தது. நீலத் தண்ணீர் பாய் முழுக்க ஓடியது. நான் துணி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவள் தன் சின்ன உள்ளங்கையால் நெற்றியில் பளார் பளார் என்று அடித்துக்கொண்டாள். "அறிவிருக்கா எனக்கு? அறிவிருக்கா?" அதே குரல், அதே இழுவை. அடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். சரியாகச் செய்தேனா அம்மா என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை.

துணியைப் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாளே அவளைத் தூக்கிக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் ஓடினேன். அவர் ஸ்டெதஸ்கோப்பை மார்பிலும் முதுகிலும் வைத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், அவளோடு கொஞ்ச நேரம் கதை பேசினார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லம்மா. வீட்ல பார்க்கிறத அப்படியே பிடிச்சுக்கிற புத்திசாலிக் குழந்தை. அவ்வளவுதான்."

சீட்டில் மருந்து எதுவும் எழுதவில்லை. வாரத்தில் ஒருநாள் செங்கல்பட்டுக்கு வந்து போகும் ஒரு மனநல ஆலோசகரைப் பற்றிச் சொன்னார். "பாப்பாவைக் கூட்டிட்டுப் போகாதீங்க. நீங்க மட்டும் போங்க" என்றார்.

போகலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து ஒரு வாரம் ஓடிவிட்டது. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? எனக்கு என்ன பைத்தியமா? கணவர்தான், "பல்வலின்னா பல் டாக்டர்கிட்ட போறோம். இதுல என்ன இருக்கு? நான் லீவு போட்டுட்டு பாப்பாவப் பார்த்துக்கிறேன், நீ போயிட்டு வா" என்று கிளப்பிவிட்டார்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் சின்ன அறை. ஆலோசகருக்கு என் வயதுதான் இருக்கும். நான் போனபோது தன் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். மேசையில் தேடினார், பையில் தேடினார். அது அவர் தலைமேலேயே இருந்தது. நான் தயங்கித் தயங்கிச் சொன்னதும், "அட, இங்கதான் இருக்கியா?" என்று கண்ணாடியிடமே கேட்டுவிட்டு மாட்டிக்கொண்டார். நானாக இருந்தால் அந்த நாள் முழுக்க அதையே நினைத்துக் குமைந்திருப்பேன். இவர் அடுத்த நொடியே மறந்துவிட்டார். எனக்கு அதுவே அதிசயமாக இருந்தது.

அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, கிளம்பும்போது, "நான் எல்லாம் சரியா சொன்னேனா மேடம்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "இதுக்கு மார்க் கிடையாதுங்க" என்றார். படி இறங்கும்போது எனக்கு ஒரே வெட்கம். அப்படிக் கேட்டிருக்கக் கூடாதோ என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

இந்தச் சிகிச்சைக்கு ஸ்கீமா தெரபி என்று பெயர் சொன்னார். எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். "இட்லித் தட்டுன்னு வெச்சுக்கங்க. எந்த மாவை ஊத்தினாலும் அந்தக் குழியோட வடிவத்துலதான் இட்லி வரும். அதுபோல சின்ன வயசுல மனசுல சில குழி விழுந்துடும். பெரியவங்க ஆன பிறகும், என்ன நடந்தாலும் மனசு அதை அந்தக் குழியிலயே ஊத்திப் பார்க்கும்." என் தட்டில் இருந்த குழியைக் கண்டுபிடிக்க இரண்டு மூன்று வாரங்கள் ஆயின.

எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயதிருக்கும். அம்மா உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார். அப்பாவின் அலுவலகத்திலிருந்து சிலர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நானே காபி போட்டு, தட்டில் வைத்து, சிந்தாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ்வளவு பெருமையாக இருந்தது. முதல் வாய் குடித்தவர் முகம் கோணியது. சர்க்கரைக்குப் பதில் உப்பு! எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "ஒரு காபிகூட ஒழுங்கா போடத் தெரியலையே" என்று மட்டும் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. வந்தவர்கள் முன்னால் அவருக்கும் கூச்சமாக இருந்திருக்கும். நான் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். யாரும் தேடி வரவில்லை. அவ்வளவுதான் கதை. ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் கைக்குட்டை நனைந்துவிட்டது. உப்பு டப்பாவில் ஏன் இரண்டு பக்கமும் பெயர் ஒட்டுகிறேன் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

ஆலோசகர் அறையில் மூன்று இருக்கைகளைப் போட்டார். கைவைத்த மர நாற்காலி, திட்டுகிற குரலுக்கு. குட்டைப் பிளாஸ்டிக் முக்காலி, காபியில் உப்புப் போட்ட அந்தச் சின்னப் பெண்ணுக்கு. பிரம்பு நாற்காலி, பெரியவளுக்கு. எந்த இருக்கையில் உட்காருகிறேனோ அந்த ஆளாகவே பேச வேண்டும். திட்டுகிற நாற்காலியில் உட்கார்ந்ததும் வார்த்தைகள் அருவி மாதிரி கொட்டின. முக்காலியில் உட்கார்ந்து அழுதேன். பிரம்பு நாற்காலிக்கு மாறியபோதுதான் வாயே திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு ரயில் வந்து நின்று கிளம்பியும் போய்விட்டது.

"அந்த முக்காலியில உங்க பாப்பா உட்கார்ந்திருக்கான்னு நினைச்சுக்கங்க. என்ன சொல்லுவீங்க?" என்றார் அவர்.

உடனே வந்துவிட்டது. "பரவாயில்லடா கண்ணு. உப்புதான? வா, வேற காபி போட்டுக்கலாம்."

சொன்ன பிறகு என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

ஆனால் சந்தேகப் பிராணி ஆயிற்றே நான். அடுத்த வாரமே கேட்டேன். "இப்படி நம்மள நாமே கொஞ்சிக்கிட்டு இருந்தா கெட்டுப் போயிட மாட்டோமா மேடம்? திட்டினாத்தான திருந்துவோம்?"

"டம்ளர் கவிழ்ந்தா பரவாயில்லைன்னு சொல்லிட்டு அப்படியே விட்டுட்டுப் போறவ பெரியவ இல்லைங்க. பரவாயில்லைன்னும் சொல்லணும், துணி எடுத்துத் துடைக்கவும் செய்யணும். அடிச்சுக்கிட்டா அந்த நேரத்துல தண்ணி இன்னும் தூரம் ஓடிடும், அவ்வளவுதான்" என்றார்.

வீட்டிலும் பழகச் சொன்னார். மதியம் மகள் தூங்கியதும், வீட்டில் இருந்த இருக்கைகளையே அதேபோலப் போட்டுக்கொண்டு மாறி மாறி உட்கார்ந்து பேசுவேன். ஒருநாள் கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுந்து வந்தவள், நான் காலி முக்காலியைப் பார்த்துப் பேசுவதைப் பார்த்துவிட்டாள்.

"யாரும்மா அங்க?"

உள்ளதையே சொன்னேன். "சின்னப் பொண்ணா இருந்த அம்மா அங்க உட்கார்ந்திருக்கா. அவளுக்கு வருத்தமா இருக்கு. பெரிய அம்மா அவகிட்ட பேசிட்டு இருக்கேன்."

அவளுக்கு இதில் எந்தச் சந்தேகமும் வரவில்லை. உள்ளே ஓடிப் போய் ஒரு பிஸ்கட்டைக் கொண்டுவந்து முக்காலியின் மேல் வைத்தாள். "குட்டி அம்மா சாப்பிடட்டும்." அவள் கொஞ்சம் அந்தப் பக்கம் போனதும் அந்தப் பிஸ்கட்டை நான் எடுத்துத் தின்ன வேண்டியதாயிற்று. இல்லாவிட்டால், குட்டி அம்மா ஏன் சாப்பிடவில்லை என்று கேள்வி வரும். அன்றிலிருந்து நான் நாற்காலி மாற்றி மாற்றிப் பேசுவதை அவளும் உட்கார்ந்து பார்ப்பாள். முக்காலியில் தினமும் ஒரு பிஸ்கட். சில நாள் முறுக்கு. கணவர் ஒருநாள் விவரம் தெரியாமல் அந்த முறுக்கை எடுத்துக் கடித்துவிட, வீட்டில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஆனாலும் மகள் தலையில் அடித்துக்கொள்வது நிற்கவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டால் ஓர் அடி. பென்சில் முனை உடைந்தால் ஓர் அடி. என் கையும் முழுதாக நின்றபாடில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பேசும்போது நான் பெரியவள். சமையலறையில் பால் பொங்கினால் பழையபடி நெற்றியில் பளார். எனக்குள் இருப்பது இவளுக்கும் அப்படியே இறங்கிவிடுமோ என்ற பயம் என்னைத் தின்றுகொண்டிருந்தது.

அந்த நிலையில்தான் மாமல்லபுரம் போகத் திட்டம் போட்டோம். நாங்கள் மூவரும், கணவரின் அக்காவும். அண்ணி திருக்கழுக்குன்றத்தில் இருந்தார். பள்ளி ஆசிரியை. கஞ்சி போட்ட காட்டன் புடவையில் ஒரு மடிப்புக் கலைந்து நான் பார்த்ததில்லை. அவர் வருகிறார் என்றாலே ஒட்டடை அடிக்க ஆரம்பித்துவிடுவேன். "சாப்பாடு நான் கொண்டு வர்றேன் அண்ணி" என்று போனில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே எழுந்து புளியோதரை கிளறினேன். சாயங்காலம் களைத்துத் திரும்பினால் இரவு டிபனுக்கு ஆகட்டும் என்று, ஊறப் போட்டிருந்ததை எடுத்து இட்லி மாவும் ஆட்டி வைத்தேன். என் கல்யாணச் சீரில் ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் தூக்குகள் வந்திருந்தன. மாமா வீட்டிலிருந்து ஒன்று, சித்தி வீட்டிலிருந்து ஒன்று, இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை. ஒன்றில் புளியோதரை, இன்னொன்றில் மாவு. மூடி கழன்றுவிடக் கூடாதே என்று ஒரு தூக்கைத் துணியால் இறுக்கி முடிச்சுப் போட்டேன். முடிச்சைச் சோதித்தேன். மறுபடியும் சோதித்தேன். கேஸ், ஜன்னல் கொக்கி, பூட்டு எல்லாவற்றையும் பார்த்தேன். பார்க்காமல் விட்டது ஒன்றுதான். அந்தத் தூக்குக்குள் என்ன இருக்கிறது என்பதை!

பஸ்ஸில் முன்பக்கம் இடம் கிடைத்தது. நானும் மகளும் ஒரு சீட்டில், கணவர் பின்னால். "தூக்க மடியில வெச்சுகினு குந்தாதம்மா, இன்ஜின் பக்கத்துல வெச்சிடு, ஆடாது" என்றார் கண்டக்டர். வைத்தேன். வெளியே வெயில் கொளுத்தியது. இன்ஜின் மூடி தோசைக்கல் மாதிரி காய்ந்துகொண்டிருந்தது. தூக்குக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தெரியாமல் நான் மகளுக்கு ஜன்னல் வழியாக ஏரியைக் காட்டிக்கொண்டு வந்தேன்.

திருக்கழுக்குன்றத்தில் அண்ணி ஏறினார். மடிப்புக் கலையாத புடவை, தலையில் மல்லிகைச் சரம். எங்களுக்கு எதிர்ச் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். "சாப்பாடு எல்லாம் பண்ணிட்டியாம்மா? சிரமப்படுத்திட்டேனா?" என்று கேட்டார். "அதெல்லாம் இல்ல அண்ணி, புளியோதரைதான்" என்று பெருமையாகத் தூக்கைக் காட்டினேன்.

காட்டிய விரல் அப்படியே நின்றுவிட்டது. தூக்கின் துணி உப்பியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முடிச்சுக்குக் கீழே இருந்து வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொரு பக்கத்தில். பஸ் ஒரு பள்ளத்தில் குதித்தது. மூடி 'டப்' என்று தூக்கிக்கொண்டது.

"யம்மா! இன்னாது இது? வண்டிக்குள்ள பொங்கிகினு வருது!" என்று கத்தினார் கண்டக்டர்.

"எவன் வூட்டுப் பொங்கல்யா?" என்றார் டிரைவர், திரும்பிப் பார்க்காமலே.

"காலத் தூக்கு, காலத் தூக்கு! மாவு வருது!" என்று பின்சீட்டுக்காரர் ஒருவர் குரல் கொடுக்க, பஸ்ஸின் முன்பாதியே கால்களைத் தூக்கிக்கொண்டது. நுரைத்த இட்லி மாவு, அவசரமே இல்லாமல், நடுவழியில் நடந்து போய்க்கொண்டிருந்தது. புளியோதரை செங்கல்பட்டில் பூட்டிய வீட்டில் பத்திரமாக இருந்தது.

எனக்குக் காதில் 'கொய்ங்' என்றது. கதவுக்குப் பின்னால் நின்ற அந்தச் சின்னப் பெண்ணாகிவிட்டேன். பஸ் முழுக்கச் சிரிக்கிறது. அண்ணி பார்க்கிறார். திட்டுகிற நாற்காலி பேச ஆரம்பித்துவிட்டது: ஒரு சாப்பாடுகூட ஒழுங்கா எடுத்துட்டு வரத் தெரியலையே. என் வலது கை மேலே எழுந்தது.

அப்போதுதான் மகளைப் பார்த்தேன். அவள் மாவைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையும் மடியிலிருந்து கொஞ்சம் எழுந்திருந்தது. நான் அடித்துக்கொண்டால் அதுவும் அடிக்கும்.

என் கை பாதி வழியில் நின்றது. ஆனால் அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. திருதிருவென்று விழித்தேன்.

"அம்மா! நாற்காலி மாத்து!" என்று கத்தினாள் மகள்.

எழுந்தேன். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாவைத் தாண்டி, அண்ணிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். நான் எழுந்து வந்த இடத்தைப் பார்த்தேன். மகளுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகச் சத்தமாகவே சொன்னேன். "பரவாயில்லடா கண்ணு. மாவுதான பொங்கிச்சு? துணி எடு, துடைச்சிடலாம்."

அந்தச் சீட்டருகே நின்ற கண்டக்டர், தன்னிடம்தான் சொல்கிறேன் என்று நினைத்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் துணிக்கு எங்கம்மா போவேன்? அதுல என்னப் போயி கண்ணுன்றியே, எனக்குக் கல்யாண வயசுல பொண்ணு கீது!"

பஸ்ஸே வெடித்துச் சிரித்தது. டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பழைய துணியை எடுத்துப் பின்னால் வீசினார். கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தேன். மகளும் பக்கத்தில் குந்தி ஒரு பழைய பேப்பரால் தேய்த்தாள். "பரவாயில்ல, பரவாயில்ல" என்று மாவுக்கு ஆறுதல் வேறு.

அண்ணியை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரக் கொஞ்ச நேரமாயிற்று. பார்த்தால், அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். தலையிலிருந்த மல்லிகைச் சரமே நழுவிவிட்டது. புடவைக் கரையில் மாவு ஒட்டியிருந்தது.

"அண்ணி, உங்க புடவை..."

"புடவை கிடக்குது விடும்மா. நீயும் தப்பு பண்ணுவியா? அப்பாடா! உங்க வீட்டுக்கு வர்றதுன்னாலே எனக்கு உதறலா இருக்கும், தெரியுமா? டப்பாவுக்கு டப்பா பேரு ஒட்டி வெச்சிருப்ப. எங்க வீட்டுக்கு நீ வர்ற அன்னைக்கு நான் பாத்திரத்த எல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளிவிட்டுடுவேன்."

இத்தனை வருஷமாக இவருக்குப் பயந்து நான் ஒட்டடை அடித்தேன். எனக்குப் பயந்து இவர் பாத்திரத்தை ஒளித்திருக்கிறார்! முதலில் நான் சிரித்தேனா, அவரா என்று நினைவில்லை. மாமல்லபுரம் வந்து சேரும்வரை இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

இறங்கியதும் சாப்பாட்டுப் பிரச்சினை. தூக்கில் பாதி மாவு மிச்சம் இருந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இட்லிக் கடை. காலை வியாபாரம் முடிந்து கடைக்கார அம்மாள் அடுப்பை அணைக்கப் போனார். கணவர் தலையைச் சொறிந்துகொண்டே போய் விஷயத்தைச் சொன்னார்.

"ஊர்ல எல்லாம் சோறு கட்டிகினு வருவாங்க. நீங்க இன்னாடான்னா மாவத் தூக்கிகினு மகாபலிபுரம் சுத்த வந்துகீறீங்க" என்று அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். பிறகு விளக்குமாற்றால் கல்லைத் துடைத்துத் தண்ணீர் தெளித்தார். "கல்லு சூடா கீது. வந்து ஊத்திக்கோங்க. சட்னிய மட்டும் என்னாண்ட வாங்கிக்கணும், சொல்லிட்டேன்."

முதல் தோசையை நான் ஊற்றினேன். கிழிந்து போயிற்று. நெற்றி லேசாக அரித்தது. அவ்வளவுதான். அடுத்ததை அண்ணி ஊற்றினார். அது நன்றாகவே வந்தது. வாசனை பிடித்துக்கொண்டு எங்கள் பஸ்ஸின் கண்டக்டரும் டிரைவரும் டீயும் கையுமாக வந்து நின்றார்கள். "எங்க வண்டியில பொங்குன மாவு. எங்களுக்கும் பங்கு கீதுல்ல?" என்றார் கண்டக்டர். அண்ணி அவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று போட்டுக் கொடுத்தார். அவ்வளவு ருசியான தோசையை நான் இதுவரை சாப்பிட்டதில்லை. சட்னிதான் கொஞ்சம் உப்பு தூக்கல். அதை யாரும் சொல்லவில்லை.

பிறகு ஊரைச் சுற்றினோம். சரிவில் நிற்கும் அந்த வெண்ணெய் உருண்டைப் பாறையை அண்ணாந்து பார்த்து, "இதுவும் பொங்கிடுச்சாம்மா?" என்று மகள் கேட்டாள். அதற்கும் சிரித்தோம். அன்று எதற்குத்தான் சிரிக்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்குப் போனோம். கணவர் மகளுக்கு ஒரு குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தார். அலையைப் பார்த்துக் குதித்ததில் ஐஸ் குச்சியிலிருந்து கழன்று மணலில் விழுந்தது. அவள் வெறும் குச்சியைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. கை மெல்ல மேலே எழுந்தது.

கணவர் இன்னொன்று வாங்க எழுந்தார். அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். போய்த் தூக்கிக்கொள்ளலாமா, கூடாதா? தெரியவில்லை. காத்திருந்தேன்.

அவள் கையை இறக்கினாள். நாலடி தள்ளிப் போய் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தான் முன்பு நின்ற இடத்தைப் பார்த்து, பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு சொன்னாள். "பரவாயில்லடா கண்ணு. ஐஸ்தான? அப்பாகிட்ட கேட்டா வேற வாங்கித் தருவாரு." சொல்லிவிட்டு எழுந்து வந்து, விழுந்த ஐஸை மணலால் ஒழுங்காக மூடினாள். பிறகு அப்பாவிடம் கையை நீட்டினாள்.

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா, குழந்தை தனியா பேசுது?" என்று கேட்டார். எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வதென்று தெரியாமல் அவர் தோளில் சாய்ந்துகொண்டு அழுதேன். சந்தோஷத்தில் நான் அழுதது அதுதான் முதல் தடவை. பிறகு உப்புக் காபியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

இப்போது என் மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். கணக்கில் தப்புப் போட்டால் ரப்பரைத் தேடுகிறாள், நெற்றியைத் தேடுவதில்லை. சிகிச்சை முடிந்த பிறகும் அந்த முக்காலி எங்கள் வீட்டுக் கூடத்திலேயே இருக்கிறது. அண்ணி வந்தால் அதில்தான் உட்காருவார். நான் முழுதாக மாறிவிட்டேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். இதைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பலாமா என்றுகூட எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். பாலும் அவ்வப்போது பொங்கி வழிகிறது. அப்போதெல்லாம் என் கை பழக்க தோஷத்தில் தலையை நோக்கிப் போகிறது. பாதி வழியில் நிற்கிறது. பிறகு துணியை எடுக்கிறது. பஸ்ஸில் ஒரு சின்னப் பெண் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குக் கிடைத்த அந்தப் பாதி வழியில்தான் நான் இன்றுவரை சந்தோஷமாக வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.